அன்னமேரியைத் தள்ளிவைத்த நாடகம்

அன்னமேரி நடித்த நாடகத்தைப் பற்றி ஊருக்குள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒன்று, காய்கறி மார்க்கெட்டில் ஒன்று. நேற்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த என் நாத்தனார், "மேடையிலயே அண்ணனும் தங்கச்சியும் அடிச்சிக்கிட்டாங்களாமே அண்ணி?" என்று கேட்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையில் கொடுத்த காப்பியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. அந்த மேடையில் நின்றவள் நான். ஊர்ச்சனம் என்று ஒரு கும்பலுக்கு வேஷம் கொடுத்திருந்தார்கள். அதில் முன்வரிசையில், அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அதனால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

என் பெயர் செல்வநாயகி. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் வேலை. கரண்டு கம்பத்தில் ஃப்யூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டை செய்கிற இடம். நானும் அன்னமேரியும் ஒரே மேஜை. சூளைக்குப் போகும் முன் கட்டைகளைக் கிளேஸில், அதாவது பளபளப்புக்கான பூச்சுக் கரைசலில், முக்கி எடுப்பது அவள், அடிப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது நான். துடைக்காமல் விட்டால் கட்டை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சூப்பர்வைசரிடம் யார் பாட்டு வாங்குவது? ஆனால் அன்னமேரியின் பாட்டு வேறு. முக்குவாள், பாடுவாள், எடுப்பாள், பாடுவாள். அவள் லீவு போட்ட நாளில் எங்கள் யூனிட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்கும். எல்லாரும் சிடுசிடு என்று இருப்போம்.

அவளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்தது அவள் அண்ணன் அந்தோணிமுத்து. அன்னமேரி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மீசை முளைக்காத வயதில் அண்ணன்தான் சோறு பொங்கினார், தலை வாரினார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ரிப்பன் கட்டி அழைத்துப் போனார். ஒரு பக்கம் ரிப்பன் காதருகே தொங்கும், இன்னொரு பக்கம் உச்சியில் நிற்கும். கோயிலில் பாடல் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் பாடப் பாட இவளும் பாடினாள். பிறகு அவர் எங்கள் யூனிட்டுக்கு எதிர் யூனிட்டில் சூளை மேஸ்திரி ஆனார். தங்கச்சிக்கு எங்கள் யூனிட்டில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று நானே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் கோவிந்தராசு வந்தார். பெண்ணாடத்துக்காரர், கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை, எஸ்டேட்டுக்குக் களிமண் லாரி ஓட்டிக்கொண்டு வருவார். மண் இறக்குகிற நேரத்தில் எங்கள் ஜன்னல் ஓரம் வந்து நிற்பார். பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். பாட்டு மட்டும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் சாமி வேறு, இவர்கள் சாமி வேறு. அண்ணன் கிடையவே கிடையாது என்றார். இரண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசில் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

சேதி கேட்ட அன்றைக்கு அந்தோணிமுத்து தெருக்குழாயடிக்கு வந்து, குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி தங்கச்சிக்குத் தலை முழுகிவிட்டார். "இதெல்லாம் நம்ம வழக்கமாய்யா?" என்று ஃபாதரே கூப்பிட்டுக் கண்டித்தாராம். "எங்கப்பன் பாட்டன் வழக்கம் ஃபாதர்" என்று ஈரத் தலையோடு சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் இருக்கிறதே, அதை எந்தச் சூளையில் போட்டாலும் உருகாது.

அதோடு பேச்சு நின்றது. அன்னமேரியின் வீடு அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தினம் காலையில் அவர் மொபெட்டில் எங்கள் யூனிட்டைத் தாண்டிப் போவார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அன்னமேரியின் மகள் வெண்பா இப்போது பத்தாவது படிக்கிறாள். மாமன் குரல் அந்தப் பிள்ளைக்குக் கோயில் மைக்கில்தான் தெரியும். கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் அன்னமேரி அண்ணன் வீட்டுக்குக் கேக் செய்து என் கையில் கொடுத்தனுப்புவாள். அவர் மனைவி வாங்கிக்கொள்வாள், அவர் தொட மாட்டார். ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேரும் ஒன்றாக நிற்கும்படி ஆகிவிட்டது. அவர் கடைக்காரரிடம், "அந்தம்மாவுக்கு மொதல்ல குடுத்து அனுப்புங்க" என்றாராம். அன்றைக்கு முழுக்க இவள் பாடவில்லை.

"அந்தம்மான்னுட்டாருக்கா" என்றாள். "திட்டியிருந்தாக்கூட தேவல. மேரின்னு பேரச் சொல்லித் திட்டியிருக்கலாம் இல்ல?"

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சொத்து இல்லை, சீர் இல்லை. அண்ணன் வாயால் ஒரு தடவை மேரி என்று கூப்பிட வேண்டும். நாங்கள் பேசாத பேச்சில்லை, அனுப்பாத தூது இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

இந்த வருஷம் எங்கள் கோயில் பங்குத் திருவிழாவுக்கு இசை நாடகம் போடலாம் என்று ஆரம்பித்தவர் தமிழ்மணி சார். ஸ்கூல் வாத்தியார், நல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாவலை எடுத்து, வசனத்தையெல்லாம் பாட்டாக்கி வைத்திருந்தார். அந்த நாவலை அவரைத் தவிர நாங்கள் யாரும் படித்ததில்லை. கதையைச் சொன்னார், கேட்டுக்கொண்டோம். அம்மாக்கண்ணு என்று ஒரு மருத்துவச்சி. ஊரில் காலரா வருகிறது. நோயாளிகளை ஊருக்கு வெளியே போட்டுவிட்டு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. இவள் கொடுக்கிறாள். அதற்காக ஊர்த்தலைவர் அவளை நடுத்தெருவில் நிறுத்தி, "இந்தப் பானை உடையுற மாதிரி ஊருக்கும் உனக்கும் உள்ள உறவு உடைஞ்சுது" என்று பானையைப் போட்டு உடைத்துத் தள்ளிவைக்கிறார். அவள் பாடிக்கொண்டே ஊரைவிட்டுப் போகிறாள். பாதிக் கதை அதற்கு அப்புறம்தான்.

ஊர்த்தலைவர் வேஷம் அந்தோணிமுத்துவுக்கு. ராஜா, தலைவர், நீதிபதி என்று எது வந்தாலும் எங்கள் ஊரில் அவருக்குத்தான். அந்தக் குரலுக்கு வேறு ஆள் கிடையாது. அம்மாக்கண்ணு வேஷம் சிவசங்கரி டீச்சருக்கு. ஒத்திகை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் டீச்சருக்கு சென்னையில் வேலை கிடைத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எங்க யூனிட்டுல ஒருத்தி பாடுவா சார்" என்று வாயை விட்டது நான்தான்.

சார் வெளியூர்க்காரர், அண்ணன் தங்கச்சி விவகாரம் தெரியாது. நேரே அந்தோணிமுத்துவிடமே போய்ச் சொல்லிவிட்டார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். "யாரு வேணா நடிக்கட்டும் சார். பாட்டுல என்ன இருக்குதோ அத நான் பாடுவேன். பாட்டுக்கு வெளிய ஒரு வார்த்த கெடையாது. அந்தம்மாவும் பேசக் கூடாது. சொல்லிடுங்க."

இதை அன்னமேரியிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். சொன்னதும் அவள் கிளேஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்ப பாட்டுல எங்கிட்ட பேசுவாரா?"

"அடி கூறுகெட்டவளே, ஒன்ன ஊர வுட்டுத் தொரத்துற பாட்டுடி அது!"

"தொரத்தட்டும்க்கா. என் மூஞ்சியப் பாத்துதான தொரத்தணும்?"

சாயங்காலம் வேலை விட்டதும் நானே அவளை ஸ்கூல் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒத்திகையில் அந்தோணிமுத்து கையை நீட்டி, "ஏ அம்மாக்கண்ணு, நீ இந்த ஊருக்கு இல்லை" என்று பாடுவார். ஹால் அதிரும். எதிரே நிற்கிற எங்கள் அன்னமேரி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பாள். சார் ஓடி வருவார். "அம்மா, ஒங்கள ஊரே தள்ளி வைக்குது. அழணும்! நீங்க கல்யாண வூட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க!" சரி சார் என்பாள். அடுத்த தடவையும் அதே சிரிப்பு. பாட்டு முடிந்ததும் அண்ணன் முகம் சட்டென்று மூடிக்கொள்ளும், ஓரமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவள் நாள் முழுக்க அந்த ஒரு பாட்டுக்காகக் காத்திருப்பாள். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருந்தது. இப்படியும் ஒரு மனுஷி மானங்கெட்டு அலைவாளா என்று வாய்வரை வந்துவிடும், விழுங்கிக்கொள்வேன்.

ஒத்திகைக்கு மண்பானைதான் வாங்கினோம். போட்டால் பொலபொலவென்று உடையும், நாங்கள் கூட்டி அள்ளுவோம். திருவிழா நெருங்கும்போது, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி பெரிய பானையாக ஒன்று வாங்க வேண்டும் என்றார் சார். அந்தோணிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"செராமிக் ஊருல நாடகம் போட்டுட்டு, பான சந்தையிலயா வாங்குறது? நாலு பேரு சிரிப்பான் சார். நான் செஞ்சு எடுத்தாறேன்."

செய்தார். தானே அச்சு எடுத்து, தானே வார்த்து, தானே கிளேஸ் போட்டு, ஃப்யூஸ் கட்டைகளோடு சேர்த்து முழுச் சூட்டில் சுட்டு எடுத்தார். காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பளபளப்பு. கழுத்தில் இரண்டு கோடு. திருவிழா அன்று மத்தியானம் அதை மேடைக்குக் கொண்டுவந்து வைத்ததும் எஸ்டேட் ஆட்கள் எல்லாம் சுற்றிக்கொண்டோம். எங்களுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும், ரிஜெக்ட்டில் தூக்கிப் போடுவோம். ஆளாளுக்கு அந்தப் பானையைத் தட்டினோம். கணீர் என்றது. "என்னமா வெந்திருக்குது பாரு!" என்று அசந்துபோனோம். நானும் தட்டினேன், நானும் அசந்தேன். அத்தனை பேரில் ஒரு பிறவிக்காவது, இதை உடைக்கத்தானே போகிறோம் என்று தோன்றவில்லை. சார் ஒருவர்தான் கேட்டிருக்கலாம். அவர் வாத்தியார், அவருக்குப் பீங்கானைப் பற்றி என்ன தெரியும்? பானை அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் நாடகம் தொடங்கியது. கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. பாதிப்பேர் எஸ்டேட் ஆட்கள். வெண்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோவிந்தராசு மைதானத்துக் கடைசியில், புளியமரத்தடியில், பைக்மேல் சாய்ந்துகொண்டு நின்றார். மச்சான் கண்ணில் பட்டு வம்பு வேண்டாம் என்று எப்போதும் அப்படித்தான் எட்ட நிற்பார்.

தள்ளிவைக்கிற காட்சி வந்தது. தலைப்பாகை, ஒட்டு மீசை, சட்டையில் காலர் மைக்கோடு அந்தோணிமுத்து நடுவில் வந்தார். அன்னமேரி கிழிந்த புடவையோடு எதிரே நின்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அண்ணனோடு இதுதான் கடைசிப் பாட்டு, நாளையிலிருந்து இதுவும் கிடையாது என்று வரும்போதே என்னிடம் சொல்லிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"ஊருக்கும் உனக்கும் உள்ள உறவு உடைஞ்சுது" என்று உச்சத்தில் நிறுத்தி, பானையைத் தூக்கி அடித்தார்.

டங் என்றது. மேடைப் பலகையில் ஒரு குதி குதித்து, உருண்டு போய் அன்னமேரி காலடியில் நின்றது. ஒரு கீறல் இல்லை.

கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. அந்தோணிமுத்து விடுகிற ஆளா? எடுத்தார், அதே வரியைத் திரும்பவும் பாடினார், இன்னும் ஓங்கிப் போட்டார். பலகைதான் சில்லு பெயர்ந்தது. இப்போது விசில் பறந்தது.

"அண்ணே, ஐஎஸ்ஐ முத்திர போட்டுடலாம்!" என்று எஸ்டேட் ஆள் ஒருத்தன் கத்தினான்.

"பான ஒடையலன்னா தள்ளி வைக்க முடியாது! அந்தப் பொம்பளய வூட்டுக்கு அனுப்புங்கய்யா!" என்று இன்னொரு குரல். சபையே கைதட்டிச் சிரிக்கிறது. ஓரத்திலிருந்து சார், "ஒடைஞ்ச மாதிரி நடிங்க, ஒடைஞ்ச மாதிரி!" என்று தவியாய்த் தவிக்கிறார். முழுப் பானை நடுமேடையில் கிடக்கிறது, எப்படி நடிப்பது?

மூன்றாம் தடவை அவர் பானையைத் தலைக்கு மேலே தூக்கினார். கனம் தாங்காமல் பானை ஒரு பக்கம் சரிந்தது. முகத்தில் வேர்வை ஓடி, மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அப்போதுதான் அன்னமேரி வாயைத் திறந்தாள். பாட்டில் இல்லாத பேச்சு.

"அண்ணே, போதும்ணே. கால்ல போட்டுக்கப் போறீங்க."

பேசக் கூடாது என்று சொன்னாரே, இதோடு மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பானையோடு அப்படியே நின்றார். தங்கச்சியைப் பார்த்தார். பாட்டு இல்லாமல், முகத்தை முகம் பார்த்தார். மெதுவாகக் கையை இறக்கினார்.

"ஒடைய மாட்டேங்குது மேரி" என்றார்.

மைக்கில் மைதானம் முழுக்கக் கேட்டது. விளையாட்டுச் சாமானைப் பழுதாக்கிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல். "என்ன பண்ணாலும் ஒடைய மாட்டேங்குது மேரி" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, பானையை மடியில் வைத்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பு, விசில் எல்லாம் அடங்கிவிட்டது. அன்னமேரி பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். தொங்கிய மீசை கையோடு வந்துவிட்டது. அவள் அழுகிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள், துடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஊர்ச்சனம் வேஷத்தில் நின்ற நாங்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம். அவளைத் துரத்த வேண்டியவர்கள் நாங்கள்தான். நல்ல ஊர்ச்சனம்!

கீபோர்டு வாசிக்கிற பையன் மட்டும், காட்சி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாட்டை எடுத்துவிட்டான். அம்மாக்கண்ணு ஊரைவிட்டுப் போகிற பாட்டு. அன்னமேரி பழக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அந்தோணிமுத்து புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போற? ஒக்காரு."

மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. சார் திரையை இழுத்துவிட்டார். பாவம் மனிதர், அப்புறம் மேடைக்குப் பின்னால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாதி நாவல் போச்சுங்களே! காட்டுப் பாட்டு போச்சு, காலராப் பாட்டு போச்சு!" அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம் சார் என்று ஃபாதர் தோளில் தட்டினார். எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, பரிதாபமாகவும் இருந்தது.

அந்தோணிமுத்து தலைப்பாகையைக்கூடக் கழற்றவில்லை. வெண்பாவின் தலையில் கையை வைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், "பத்தாவதா? நல்லா படிக்கணும்" என்றார். அந்தப் பிள்ளை தலையை ஆட்டியது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மாப்ள எங்க?"

எங்களுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எந்த மாப்பிள்ளை? அன்னமேரிதான் புளியமரத்தடியைக் காட்டினாள். அவர் விடுவிடுவென்று நடந்தார், பின்னாலேயே நாங்கள். ஊர்த்தலைவர் வேஷத்தில் மச்சான் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், கோவிந்தராசு பதறிப்போய் பைக்கை உதைத்தார். கிளம்பிப் போய்விடலாம் என்றுதான். அது கிளம்பவில்லை.

"மாப்ள, எங்க கெளம்பிட்டீங்க?"

"இல்ல மச்சான், நீங்க வரீங்களேன்னு..." பாவம், லாரியையே ஒற்றைக் கையில் திருப்புகிற மனிதர் கிளம்பாத பைக்கை இன்னும் உதைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் வரேன். வூட்டக் காட்டுங்க, எனக்கு வழி தெரியாது."

வழி தெரியாதாம்! அவர் அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருக்கத்தான் இத்தனை வருஷமாக ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் வாயைத் திறக்கப் போனேன், அன்னமேரி என் கையைக் கிள்ளினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறி, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை பைக் ஒரே உதையில் கிளம்பியது.

அன்னமேரி அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாயகிக்கா, வூட்டுல கொழம்பு இல்லக்கா! காலையில வச்ச ரசந்தான் இருக்குது. ஓடியாங்க!"

கிழிந்த புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் முன்னால் ஓடினாள். வெண்பா பின்னால் ஓடினாள். என் முழங்கால் வலியோடு நானும் ஓடினேன்.